விலக்கப்பட்ட நகரமும் விலக்கப்பட்ட பெயர்களும்

பெர்னார்டோ பெர்டோலூச்சி இயக்கிய 'கடைசிச் சக்கரவர்த்தி' (1987) திரைப்படத்தைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் அலையும் மஞ்சள் பட்டுத்திரையை விலக்கிக்கொண்டு மூன்று வயது நிரம்பாத ஒரு குழந்தை வெளியே வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மனிதர்கள் மண்டியிட்டு வணங்குகிறார்கள். அந்தக் காட்சியின் பிரம்மாண்டத்தில் நாம் திளைத்துவிடுகிறோம். மண்டியிட்டவர்களில் ஒருவருடைய பெயரேனும் நமக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்வதில்லை. இன்னும் விந்தையானது, அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி அழைக்க அந்த முற்றத்தில் எவருக்கும் உரிமையில்லை என்பது.

சீனப் பேரரசரின் அரண்மனை வாழ்வைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, பொன்னும் பட்டும் விருந்தும் சூழ்ச்சியுமே நம் கண்ணில் முதலில் பட்டன. தொடர்ந்து படித்தபோது வேறொன்று புலப்பட்டது. அந்த மதில்களுக்குள் மனிதர்களின் தரம் அவரவர் பெயருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொண்டே அறியப்பட்டது. உச்சியில் இருந்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது. அடியில் இருந்தவரின் பெயரை எழுத எவருக்கும் தோன்றவில்லை. இந்த இரண்டு மௌனங்களுக்கும் இடையில்தான் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்கால அரண்மனை வாழ்க்கை நடந்தது.

மதில்களுக்குள் ஓர் ஊர்

மிங் மரபின் யோங்லெ பேரரசர் பெய்ஜிங்கில் இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கியது 1406இல், முடித்தது 1420இல். சுமார் 72 ஹெக்டேர் நிலப்பரப்பு. சுற்றிலும் பத்து மீட்டர் உயர மதில், அதற்கு வெளியே 52 மீட்டர் அகல அகழி. மரபுக்கதை 9,999 அறைகள் என்று சொல்லும். பிற்காலத்தில் எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 8,700க்குச் சற்று மேல். மிங் மரபினர் 14 பேர், சிங் மரபினர் 10 பேர் என 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். அனுமதியின்றி எவரும் நுழையக் கூடாத இடமாதலால் 'விலக்கப்பட்ட நகரம்' என்ற பெயர் நிலைத்தது.

அரண்மனை இரண்டு பகுதிகளாக இருந்தது. தெற்கில் மூன்று பெரும் மண்டபங்களைக் கொண்ட வெளிப்புறம், விழாக்களுக்கும் அரச சடங்குகளுக்கும் உரியது. அங்குள்ள பெரிய முற்றங்களில் மரங்கள் இல்லை. கல் பாவிய வெட்டவெளியில் நடந்து வருகிறவன் தன் சிறுமையை உணர்ந்துகொண்டேதான் அரியணையை நெருங்க முடியும். வடக்கில் உள் அரண்மனை, பேரரசரும் பேரரசியும் தேவியரும் வாழ்ந்த இடம். சியான்சிங் வாயில் என்னும் எல்லையைத் தாண்டி, இரவில் அங்கே தங்கக்கூடிய வளர்ந்த ஆண்மகன் பேரரசர் ஒருவரே. மற்றவர்கள் எல்லோரும் பெண்கள், குழந்தைகள், விதையடிக்கப்பட்ட ஆண்கள்.

மரத்தால் ஆன அரண்மனைக்குத் தீயே முதல் எதிரி. எனவே முற்றங்கள்தோறும் பெரிய உலோகத் தொட்டிகளில் நீர் நிரப்பி வைத்தார்கள். பெய்ஜிங்கின் குளிரில் நீர் உறைந்துவிடாதிருக்க, குளிர்காலத்தில் தொட்டிகளின் அடியில் கரிநெருப்பு மூட்ட வேண்டும். அறைகளின் தரைக்கு அடியிலும் வெப்பம் செல்லும் வழிகள் இருந்தன. கழிவறைகள் கிடையாது, சாம்பல் பரப்பிய கலங்களைப் பணியாளர் நாள்தோறும் அப்புறப்படுத்தினர். இந்தத் தொட்டிகளுக்கும் அடுப்புகளுக்கும் கலங்களுக்கும் பின்னால் இருந்த கைகள் எத்தனை ஆயிரம்! அந்தக் கைகளுக்கு உரியவர்களைப் பற்றியே இந்தக் கட்டுரை.

சொல்லக் கூடாத பெயர்

முதலில் உச்சியைப் பார்ப்போம். காங்ஷி, சியான்லோங், குவாங்ஷு என்று நாம் வரலாற்று நூல்களில் படிக்கும் பெயர்கள் அந்தப் பேரரசர்களின் பெயர்களே அல்ல. அவர்களுடைய ஆட்சிக்காலத்துக்குச் சூட்டிய பெயர்கள். பெற்றோர் இட்ட பெயர் அரியணை ஏறிய நாளோடு மறைந்துவிடும். அதை எவரும் சொல்லவும் எழுதவும் கூடாது. அந்த எழுத்து வேறொரு சொல்லில் வந்தால்கூட, அதை மாற்றியோ ஒரு கோட்டைக் குறைத்தோ எழுத வேண்டும்.

இந்த விலக்குக்குக் கட்டடமும் தப்பவில்லை. அரண்மனையின் வடக்கு வாயிலுக்கு முதலில் சுவான்வூ வாயில் என்று பெயர். காங்ஷி பேரரசரின் இயற்பெயர் சுவான்யே. பேரரசரின் பெயரிலுள்ள எழுத்து, நாள்தோறும் பணியாளர்கள் போய்வரும் வாயிலின் மீது இருக்கலாமா? ஷென்வூ வாயில் என்று மாற்றிவிட்டார்கள். இன்றும் அதே பெயர்தான்.

1777இல் நடந்தது இன்னும் கொடியது. வாங் ஷிஹோவ் என்ற அறிஞர் ஓர் அகராதி தொகுத்தார். எந்தெந்த எழுத்துகளை மாணவர்கள் தவிர்க்க வேண்டும் என்று அறிவிக்கும் நல்லெண்ணத்தில், பேரரசர்களின் விலக்கப்பட்ட பெயர்களை முழுமையாக அச்சிட்டுவிட்டார். சியான்லோங் பேரரசர் அதை மன்னிக்கவில்லை. அறிஞர் மரண தண்டனை பெற்றார். குடும்பமும் தண்டனைக்கு உள்ளாயிற்று. எந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று கற்பிக்கக்கூட அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

பட்டங்களின் ஏணி

பேரரசருக்கு அடுத்த நிலையில் தேவியர். சிங் மரபில் இதற்குத் திட்டவட்டமான படிநிலை இருந்தது. பேரரசி ஒருவர். அவருக்குக் கீழே ஏழு முதன்மையான பட்டங்கள். அவற்றுள் மேல்நிலைகளுக்கு எண்ணிக்கை வரையறை உண்டு. பேரரசிக்கு ஆண்டுக்கு 1,000 தேல் வெள்ளி, பத்துப் பணிப்பெண்கள். படிப்படியாகக் குறைந்து, கடைசிப் படியான 'தாயிங்' நிலையில் இருப்பவருக்கு 30 தேல் வெள்ளி, இரண்டு பணிப்பெண்கள். நாள்தோறும் கிடைக்கும் இறைச்சி, மெழுகுவர்த்தி, கரி ஆகியவையும் இவ்வாறே அளந்து கொடுக்கப்பட்டன. ஒரு பெண் தன் அறையில் குளிர்காலத்தில் எவ்வளவு கதகதப்பாக இருக்கலாம் என்பதையும் அவளுடைய பட்டமே முடிவுசெய்தது.

மூன்றாண்டுக்கு ஒருமுறை 'எண்கொடி' படைக்குடும்பங்களின் இளம்பெண்கள் அரண்மனைக்கு வரவழைக்கப்பட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1852இல் அவ்வாறு உள்ளே வந்த ஒரு பெண்ணைப் பதிவேடு யெஹெநாரா குலத்தவள், இன்ன அதிகாரியின் மகள் என்று மட்டுமே குறிக்கிறது. உள்ளே வந்ததும் 'லான்', அதாவது ஆர்க்கிட் மலர், என்று அழைக்கப்பட்டாள். பிறகு பட்டம் உயர்ந்து 'யி' ஆனாள். 1856இல் பேரரசருக்கு ஆண்மகவைப் பெற்றாள். 1861இல் பேரரசர் இறந்து அந்த மகன் அரியணை ஏறியபோது 'சீஷி' என்ற சிறப்புப் பெயர் பெற்ற தாயரசியானாள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு சீனத்தின் விதியைத் தன் கையில் வைத்திருந்த அந்தப் பெண்ணை அவளுடைய தாய் எந்தப் பெயரால் அழைத்தாள் என்பதை அரண்மனைப் பதிவேடு சொல்லவில்லை. வெற்றியின் உச்சியை எட்டியவளுக்கே இதுதான் நிலை.

பணிப்பெண்கள்

ஏணியில் கால் வைக்கவே வாய்ப்பில்லாதவர்கள் பணிப்பெண்கள். சிங் காலத்தில் இவர்கள் அரண்மனை இல்லத் துறைக்கு உட்பட்ட குடும்பங்களிலிருந்து சுமார் பதின்மூன்று வயதில் வந்தார்கள். இருபத்தைந்து வயதில் வீடு திரும்பலாம் என்ற விதி யோங்செங் பேரரசர் காலத்தில் (1722-1735) ஏற்பட்டது. மிங் காலத்தில் அந்தக் கருணையும் அரிது. பெரும்பாலோர்க்கு நுழைவாயில் உண்டு, வெளிவாயில் இல்லை. மூப்படைந்தவர்களும் தவறிழைத்தவர்களும் மதிலுக்கு வெளியே இருந்த சலவைத் துறைக்கு அனுப்பப்பட்டனர். பட்டமின்றி இறந்தவர்களை எரித்துச் சாம்பலை ஒரு பொது இடத்தில் சேர்த்தார்கள். தனிக் கல்லறை இல்லை. எனவே கல்லில் பெயரும் இல்லை.

தொடக்ககால மிங் மரபில் பட்டம் பெற்ற தேவியரின் கதியும் நடுக்கம் தருவது. 1424இல் யோங்லெ பேரரசர் இறந்தபோது, அவருடன் செல்வதற்கென முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் சாகடிக்கப்பட்டனர். அவர்களுக்கு முற்றத்தில் விருந்து படைத்து, ஒரு மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, சிறு மரப்பீடங்களின் மேல் நிற்க வைத்து, கழுத்தில் கயிற்றை மாட்டிப் பீடங்களை அகற்றினார்கள். அவர்களில் ஒருவர் கொரியாவிலிருந்து காணிக்கையாக அனுப்பப்பட்ட ஹான் குலத்துப் பெண். விடைகொடுக்க வந்த புதிய பேரரசரிடம், தன் செவிலித்தாயைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பும்படி அவர் வேண்டினார். கடைசி நொடியிலும் அந்தச் செவிலியை நோக்கியே விடைபெற்றார்.

இது நமக்கு எப்படித் தெரியும்? சீன அரண்மனையின் ஆவணத்தால் அன்று. அந்தச் செவிலி, பதினொரு ஆண்டுகள் கழித்து 1435இல் ஒருவழியாகக் கொரியாவுக்குத் திரும்பினாள். அவள் சொன்னதைக் கொரிய அரசவை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தார்கள். அவள் பெயர் கிம் ஹுக். தேவியின் இயற்பெயரை அந்த ஏடு சொல்லவில்லை, ஹான் குலத்து மகள் என்கிறது. உயிர் பிழைத்துச் சாட்சி சொன்ன பணியாளின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இந்தக் கொடிய வழக்கம் 1464இல், யிங்சோங் பேரரசர் தம் மரணப்படுக்கையில் பிறப்பித்த ஆணையால் முடிவுக்கு வந்தது.

பதினாறு பெயர்கள்

மிங் காலப் பணிப்பெண்களின் பெயர்கள் மொத்தமாக நமக்குக் கிடைக்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. அது 1542ஆம் ஆண்டின் குளிர்கால இரவு ஒன்று.

அன்று ஆண்டவர் ஜியாஜிங் பேரரசர். சாவாமையில் பெருவிருப்பம் கொண்டவர். அதற்கான மருந்துகளைத் தேடியவர். அந்த மருந்துகளுக்காக இளம் பணிப்பெண்களின் உடல்களே மூலப்பொருளாகப் பயன்பட்டன என்றும், விடியற்காலையில் பனித்துளி சேகரிக்கும் வேலையில் அவர்கள் நோயுற்றார்கள் என்றும் சொல்வார்கள். அவர் கடுஞ்சினத்தவர் என்பதும் பதிவாகியிருக்கிறது. அன்றிரவு அவர் சாவ் தேவியின் அறையில் உறங்கிக்கொண்டிருந்தபோது, பணிப்பெண்கள் ஒன்றுசேர்ந்து அவர் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள்.

முடிச்சு தவறிவிட்டது. எவ்வளவு இழுத்தும் இறுகவில்லை. அவர்களில் ஒருத்தி அஞ்சிப்போய்ப் பேரரசியிடம் ஓடினாள். ஃபாங் பேரரசி விரைந்து வந்து கணவரைக் காத்தார். அரண்மனை மருத்துவர் சூ ஷென் துணிந்து கடுமையான மருந்தைக் கொடுக்க, மறுநாள் பிற்பகலில்தான் பேரரசருக்கு நினைவு திரும்பியது. அந்த மருத்துவர் பெரும் பதவி பெற்றார். ஆனால் அன்று அடைந்த அச்சமே நோயாகிச் சில காலத்தில் இறந்துபோனார் என்று மிங் வரலாறு சொல்கிறது.

பேரரசரால் பேச முடியாத அந்த இடைவெளியில், அவர் பெயரால் பேரரசியே ஆணை பிறப்பித்தார். பதினாறு பணிப்பெண்களுக்கும் உடலைச் சிறிது சிறிதாக அறுத்துக் கொல்லும் தண்டனை. காட்டிக்கொடுத்தவளும் தப்பவில்லை. பேரரசரின் அன்புக்குரிய சாவ் தேவியும், வாங் என்ற மற்றொரு தேவியும் உடன் கொல்லப்பட்டனர். சாவ் தேவிக்கு இதில் தொடர்பே இல்லை என்று பின்னர் பலரும் கருதினர்.

விசாரணைக் குறிப்பில் அந்தப் பெண்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. தலைமை தாங்கியவள் யாங் ஜின்யிங். காட்டிக்கொடுத்தவள் ஜாங் ஜின்லியன். பொற்றாமரை என்று பொருள். இன்னொருத்தி ஷிங் சுயிலியன், பச்சைத் தாமரை. சென் ஜூஹுவா, சாமந்தி. வாங் ஷியுலான், அழகிய ஆர்க்கிட். யாரோ ஒரு தாயும் தந்தையும் மலர்களின் பெயரைத் தேர்ந்து தங்கள் மகள்களுக்கு இட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பேரரசருக்கு விளக்கேற்றியபோதோ படுக்கை விரித்தபோதோ அந்தப் பெயர்களை எழுதிவைக்கும் தேவை எவருக்கும் எழவில்லை. அவர் கழுத்தில் கை வைத்தபோதுதான் எழுந்தது. ஏன் செய்தார்கள் என்பதற்கு அந்தக் குறிப்பில் எஞ்சியிருப்பது ஒரே காரணம்: அவர் கையால் சாவதைவிட நாமே முந்திக்கொள்வது மேல் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். கிளர்ச்சியின் தத்துவம் எதுவும் அவர்களிடம் இல்லை. உயிராசை மட்டுமே இருந்தது.

பேரரசர் அதன்பின் அந்த அரண்மனையில் வாழவில்லை. மேற்குப் பூங்காவில் இருந்த மாளிகைக்கு இடம்பெயர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். 1567இல் உயிர் பிரியும் வேளையில்தான் அவரைத் திரும்பச் சுமந்து வந்தார்கள். முடிச்சு தவறியதால் அந்தப் பெண்களால் அவரைக் கொல்ல முடியவில்லை. ஆனால் உலகின் மிகப் பெரிய அரண்மனையிலிருந்து அதன் உரிமையாளரை வெளியேற்ற முடிந்தது.

பெயர் மாற்றப்பட்டவர்கள்

அண்ணகர்களைப் பற்றி எழுதாமல் சீன அரண்மனையைப் பற்றி எழுத முடியாது. மிங் காலத்தின் இறுதியில் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். சிலர் அமைச்சர்களையே ஆட்டிவைத்தார்கள். அவர்களைப் பற்றித்தான் வரலாறு அதிகம் பேசுகிறது. பெரும்பாலோர் பெருக்கியும் சுமந்தும் அடி வாங்கியும் செத்தார்கள். சிங் மரபு அவர்கள் எண்ணிக்கையைச் சில ஆயிரங்களாகக் குறைத்தது. அரசுக் கடிதங்களைக் கையாளும் அண்ணகர்கள் தம் குடும்பப்பெயரை விட்டு 'வாங்' என்ற பெயரை ஏற்க வேண்டும் என்று சியான்லோங் விதித்ததாகச் சாவ்லியன் என்ற இளவரசர் எழுதிய குறிப்புகளில் காண்கிறோம். சீனத்தில் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று அது. எல்லோரும் வாங் என்றால், வெளியிலிருந்து கையூட்டுடன் வருகிறவனால் எந்த வாங் என்று கண்டுபிடிக்க முடியாது! நிர்வாகத் திறமை என்று இதைப் பாராட்டலாம். தந்தையாகும் வாய்ப்பை இழந்த மனிதனிடம் எஞ்சியிருந்த தந்தையின் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

கடைசி அண்ணகர் சுன் யாவ்டிங் 1996இல் இறந்தார். வறுமையின் காரணமாகத் தந்தையே அவரை அதற்கு உட்படுத்தினார். சில மாதங்களில் பேரரசே முடிவுக்கு வந்துவிட்டது.

செவிலியும் சிறுவனும்

மீண்டும் அந்த மஞ்சள் திரைக்கு வருவோம். பூயி 1908 டிசம்பரில் அரியணை ஏறினார். 1912 பிப்ரவரியில் முடிதுறந்தார். ஆயினும் புதிய குடியரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி உள் அரண்மனையில் வாழ்ந்தார். வெளியே சீனம் குடியரசு. உள்ளே அவர் இன்னும் பேரரசர். 1964இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்த விந்தையான சிறுவயதை அவர் விவரித்திருக்கிறார். சிற்றன்னையராக அமைந்த தேவியரும் தந்தையும் ஆசிரியர்களும் அவரை அரசராகவே நடத்தினார்கள். குழந்தையாக நடத்தியவள் ஒருத்தி மட்டுமே: பாலூட்டிய செவிலி.

ஓர் அண்ணகன் உண்ணும் பண்டத்தில் இரும்புத்தூளை வைத்துக் கொடுத்து, அவன் கடிப்பதை வேடிக்கை பார்க்கச் சிறுவன் திட்டமிட்டான். செவிலி தடுத்தாள். பல் உடைந்துவிடாதா என்று கேட்டாள். வேடிக்கையைக் கைவிட மனமில்லாத சிறுவனுக்கு, இரும்புக்குப் பதிலாக உலர்ந்த அவரை விதைகளை வைக்கச் சொன்னாள். மற்றவர்களும் தன்னைப்போன்ற மனிதர்களே என்ற நினைவு தனக்கு வந்ததெல்லாம் அவளால்தான் என்று பூயி எழுதுகிறார்.

அந்தச் செவிலி யார்? கணவனை இழந்தவள், தன் பெண்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள். வீட்டுக்குப் போகக் கூடாது, மகளைப் பார்க்கக் கூடாது, நாள்தோறும் உப்பில்லாத இறைச்சி உண்ண வேண்டும் என்பவை அவளுக்கு விதித்த நிபந்தனைகள். மூன்றாம் ஆண்டில் மகள் போதிய உணவின்றி இறந்துபோனாள். துயரத்தால் பால் கெட்டுவிடுமே என்று அந்தச் செய்தியை அவளிடமிருந்து மறைத்துவிட்டார்கள். ஒன்பதாம் ஆண்டில் அரண்மனையை விட்டு அனுப்பியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் இல்லாத மகளுக்காகச் சம்பாதித்திருக்கிறாள். தம் மணத்துக்குப் பின் பூயி அவளைத் தேடி வரவழைத்துத் தம்முடன் வைத்துக்கொண்டார். அப்போதும் அவள் தன் கதையைச் சொல்லவில்லை. அவளும் இறந்து, தாமும் சிறை சென்று மீண்ட பின், அவளுடைய வளர்ப்பு மகனைச் சந்தித்தபோதுதான் இந்த வரலாறு முழுவதையும் அறிந்ததாக எழுதுகிறார். ஒன்பது வயதுவரை அவள் பாலைக் குடித்தவருக்கு அவளைத் தெரியவில்லை.

பெயர் திரும்பியவர்கள்

1924 நவம்பர் 5 அன்று ஃபெங் யூஷியாங் என்ற படைத்தலைவரின் வீரர்கள் பூயியை அரண்மனையிலிருந்து வெளியேற்றினர். 1925 அக்டோபர் 10 அன்று அது அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பூயியின் பெயர் பட்ட பாட்டைப் பாருங்கள். அரண்மனையில் சொல்லக் கூடாத பெயர். ஆங்கில ஆசிரியர் ரெஜினால்ட் ஜான்ஸ்டனிடம் கேட்டுத் தமக்கு 'ஹென்றி' என்ற பெயரை வைத்துக்கொண்டார். ஜப்பானியரின் கைப்பாவையாக மஞ்சூரியாவில் மீண்டும் பேரரசரானார். போருக்குப் பின் ஃபூஷுன் சிறையில் அவருக்குப் பெயரில்லை, எண்தான்: 981. 1959இல் பொதுமன்னிப்புப் பெற்று, தாவரவியல் பூங்காவில் வேலைசெய்யச் சென்றபோதுதான் உடன் வேலைசெய்தவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் மனிதரானார். பொதுமன்னிப்புப் பெற்றபோது வயது ஐம்பத்துமூன்று.

அவருடைய தேவியருள் ஒருவர் அதற்கு அத்தனை காலம் காத்திருக்கவில்லை. வென்ஷியு பதின்பருவத்தில், 1922இல், அரண்மனைக்குள் வந்தவர். 1931இல் தியான்ஜினில் வசித்தபோது வீட்டை விட்டு வெளியேறி, வழக்கறிஞர்கள் மூலம் மணவிலக்குக் கோரிப் பெற்றார். சீனப் பேரரசர் ஒருவரின் தேவி அவரை மணவிலக்குச் செய்வது என்பது அதுவரை கேட்டிராதது. உறவினர்களே பழித்தார்கள். பின்னர் அவர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். அங்கே பட்டப்பெயரைத் துறந்து, தம் பள்ளிப்பருவப் பெயரான ஃபூ யூஃபாங் என்ற பெயரையே பயன்படுத்தினார். வகுப்பறையில் நின்று வருகைப்பதிவேட்டைப் படிக்கும் தொழிலில் உள்ள நமக்கு இந்தச் செய்தி தனியொரு நிறைவைத் தருகிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் உரக்கச் சொல்லி, 'உள்ளேன்' என்ற பதிலுக்குக் காத்திருக்கும் வேலை அது. அரண்மனையில் அவர் கற்றதற்கு நேர் எதிரானது.

அரண்மனைக் கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம், இனியும் படிப்போம். பட்டுத்திரைகளின் அழகில் மயங்குவதில் பிழையில்லை. ஆனால் அவற்றைத் துவைத்தவள் ஒருத்தி இருந்தாள், அவளுக்கும் ஒரு தாய் ஒரு மலரின் பெயரை இட்டிருக்கக்கூடும் என்ற நினைவோடு படிப்போமானால், அந்தப் பெரிய மௌனத்துக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு அதுவாக இருக்கும்.